தென்துருவப் பயணம் போன தேயிலைப் பெட்டி

1907ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஷாக்கிள்டனுக்குப் பொருள் வாங்குவதிலேயே கழிந்தது. பெப்ரவரியில் தென்துருவப் பயணத்தை அறிவித்தார். ஜூலை 30இல் அவருடைய ‘நிம்ரொட்’ கப்பல் லண்டனை விட்டுக் கிளம்பிவிட்டது. இடையில் கிடைத்தது ஐந்தரை மாதம். அதற்குள் நோர்வேயிலிருந்து சறுக்குவண்டிகள், கலைமான் தோல் பாதணிகள், மஞ்சூரியாவிலிருந்து மட்டக்குதிரைகள், ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு மோட்டார் கார் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு நடந்தது. அந்தப் பட்டியலில் எவரும் நின்று பார்க்காத ஒரு வரியும் இருந்தது: 2,500 வெறும் பெட்டிகள்.

அவற்றைச் செய்து கொடுத்தது வெனெஸ்டா என்ற நிறுவனம். இலங்கைத் தோட்டங்களுக்கு அது புதிய பெயரல்ல. ஒட்டுப்பலகையில், அதாவது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் ‘பிளைவூட்’ பலகையில், தேயிலைப் பெட்டி செய்து விற்பதுதான் அந்த நிறுவனத்தின் பெரிய வியாபாரம். ஹட்டனிலும் நானுஓயாவிலும் தேயிலையை நிரப்பிக் கொழும்புக்கு ரயிலேற்றிய அதே பெட்டி இனம்தான் ஷாக்கிள்டனின் மாவையும் வெண்ணெயையும் இறைச்சியையும் சுமந்து அந்தாட்டிக்காவுக்குப் போனது.

பனிக்கண்டத்துக்கும் பச்சை மலைக்கும் ஒரே பெட்டி பொருந்தியது எப்படி? இதற்கு முதலில் தேயிலை எவ்வளவு பிடிவாதமான சரக்கு என்று தெரிய வேண்டும்.

பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தியில் போட்டு எடுக்கும்போது ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த நிமிடத்திலிருந்து தேயிலைக்கு ஒரே தாகம். சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் இரு மடங்கானால் மணம் மங்கி, பூஞ்சணம் எட்டிப் பார்க்கும். ஈரத்தோடு வாசனையையும் அது விட்டுவைக்காது. பக்கத்தில் மிளகு இருந்தால் மிளகு மணக்கும். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் மணக்கும். மூடுபனிக்குள் கிடக்கும் ஒரு மலையில் காய்ந்த சரக்கை, செங்கடல் வெயிலைக் கடந்து, வாரக்கணக்கான கடற்பயணத்துக்குப் பிறகு அதே காய்ந்த நிலையில் லண்டனில் இறக்க வேண்டும். அந்தக் காவல் வேலை முழுவதும் பெட்டியின் தலையில்தான்.

அந்த வேலையின் அளவும் கொஞ்சநஞ்சமல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது. 1890கள் முடிவதற்குள் இலங்கையின் ஏற்றுமதி ஆண்டுக்கு 10 கோடி இறாத்தலைத் தாண்டிவிட்டது. பெட்டிக்கு 100 இறாத்தல் என்று கணக்குப் போட்டாலும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை போகும், திரும்பி வராது.

தொடக்கத்தில் காட்டு மரத்தை அறுத்துத்தான் பெட்டி செய்தார்கள். அறுத்த பலகைக்குப் பல குறைகள். உறுதி வேண்டுமானால் தடிப்பு வேண்டும். தடித்தால் எடை ஏறும். காயாத மரம் பிறகு சுருங்கி, இடுக்கு விடும். பெட்டிக்குள் ஈரம் புகாமல் ஈயத்தாள் விரித்துப் பற்றவைப்பார்கள். பச்சை மரத்திலிருந்து கசியும் அமிலமோ அந்த ஈயத்தையே அரித்து ஓட்டை போட்டுவிடும். மரத்துக்கு மணமிருந்தால் அதுவும் தேயிலையில் ஏறும். ஆக, தேயிலைக்காரர்கள் தேடியது இலேசான, சுருங்காத, மணமில்லாத, உடையாத, அதே நேரம் ஒரே பயணத்தோடு கைவிடக்கூடிய அளவுக்கு மலிவான ஒரு பெட்டியை. இத்தனை நிபந்தனைகளையும் ஒரு பலகை நிறைவேற்றியதுதான் அதிசயம்.

அந்தப் பலகை பிறந்த ஊர் பால்ட்டிக் கடற்கரையிலுள்ள ரெவால்; இன்றைய எஸ்தோனியாவின் தலைநகர் தாலின். அங்கே லூதர் குடும்பத்தின் தொழிற்சாலையில் பிர்ச் மரத்தை அறுக்கவில்லை, உரித்தார்கள். ஊறவைத்து மெதுவாக்கிய மரக்கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றுவார்கள். அதன் முழு நீளத்துக்கும் ஒரு கத்தி அழுந்தி நிற்கும். கட்டை சுற்றச் சுற்ற, சுருட்டிய பாய் விரிவதுபோல் மரம் ஒரே நீளத் தகடாக அவிழ்ந்து வரும். மரத்தூள் இல்லை, சேதம் மிகக் குறைவு. அந்தத் தகடுகள் மூன்றை ஒட்டினால் ஒரு பலகை.

ஒட்டும் விதத்தில்தான் சூட்சுமம். மரம் என்பது நெடுக்காக ஓடும் நார்களின் கட்டு. நாரின் போக்கிலேயே இழுத்தால் மரம் அசையாது. குறுக்காக இழுத்தால் அதில் இருபதில் ஒரு பங்கு பலத்தில் பிளந்துவிடும். விறகு பிளப்பவர்கள் கோடரியை நாரின் போக்கிலேயே இறக்குவது அதனால்தான். சுருக்கமும் அப்படியே. பச்சை மரம் காயும்போது நெடுக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கே குறையும். குறுக்கில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு வரை குறையும்.

இப்போது நடுத்தகட்டை மட்டும் குறுக்காகத் திருப்பி ஒட்டுங்கள். மேல் தகடு எந்தப் பக்கம் பிளக்கப் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் நடுத்தகட்டின் நார்கள் நெடுக்காக நின்று பிடித்துக்கொள்ளும். நடுத்தகடு சுருங்க நினைத்தால் மேலும் கீழும் உள்ளவை விடமாட்டா. ஒன்றின் பலவீனத்தை மற்றதன் பலம் மறைக்கிறது. அடுக்குகள் மூன்று, ஐந்து என்று எப்போதும் ஒற்றைப்படையில் இருப்பதற்கும் காரணம் உண்டு: நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை, எனவே பலகை எந்தப் பக்கமும் வளையாது. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடித்த அறுவைப் பலகையின் வேலையைச் செய்வது இப்படித்தான். தண்ணீரில் விட்டுக்கொடுக்காத பசை கிடைத்ததும் பெட்டி முழுமையாயிற்று.

ஷாக்கிள்டன் கணக்குப் போட்ட இடம் இது. ஏறத்தாழ இரண்டரை அடி நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள பெட்டி ஒன்றுக்கு, சாதாரணச் சரக்குப் பெட்டியைவிட 4 இறாத்தல் எடை மிச்சம் என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். 4 இறாத்தல் என்பது இரண்டு கிலோவுக்கும் குறைவு. கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 2,500ஆல் பெருக்கிப் பாருங்கள்: பத்தாயிரம் இறாத்தல், நான்கரைத் தொன். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் தொண்ணூறு! சாப்பாட்டில் ஒரு பிடி குறைக்காமல், பெட்டியை மாற்றியதால் மட்டுமே கிடைத்த மிச்சம்.

நிம்ரொட் கப்பலுக்கு அந்த மிச்சம் உயிர்மிச்சம். 1908 ஜனவரி 1இல் நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டபோது, பாரம் தாங்காமல் கப்பலின் மேல்தளம் கடல்மட்டத்துக்கு மேல் வெறும் மூன்றரை அடியில் நின்றது. நிலக்கரியை மிச்சப்படுத்த ‘கூன்யா’ என்ற இன்னொரு கப்பல் அதைப் பனிக்கடலின் விளிம்புவரை கயிறு கட்டி இழுத்துப் போனது. அந்த நிலையில் இருக்கும் கப்பலில் நான்கரைத் தொன் என்பது நான்கரைத் தொன் நிலக்கரிக்கான இடம்.

அந்தாட்டிக்காவின் ரொய்ட்ஸ் முனையில் சரக்கு இறக்கியபோது பெட்டிகளுக்கு உண்மையான பரீட்சை வந்தது. அவசரம் அவசரமாகப் பனிக்கட்டி மேல் இறக்கி, பாறை மேல் இழுத்துப் போட்டார்கள். பிறகு வீசிய புயலில் கடல்நீர்த் திவலைகள் கரைவரை பறந்து வந்து உறைந்தன. பெட்டிகள் ஐந்தாறு அடிப் பனிக்கட்டிக்குள் புதைந்தன. பிக்காசால் வெட்டி வெளியே எடுத்தார்கள். இத்தனை முரட்டுத்தனத்துக்குப் பிறகும் பெட்டிகள் உடைந்து தொல்லை தரவே இல்லை என்று ஷாக்கிள்டன் எழுதி வைத்தார். தோட்டத்து வண்டியிலும் ரயிலிலும் துறைமுகப் படகிலும் தூக்கி எறியப்படுவதற்கென்றே செய்த பெட்டி அல்லவா!

சரக்குத் தீர்ந்த பிறகு பெட்டிக்கு இரண்டாம் பிறவி. ரொய்ட்ஸ் முனைக் குடிசை 33 அடி நீளம், 19 அடி அகலம். நம் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பரா ஐந்து சேர்ந்த பரப்பு. அதற்குள் பதினைந்து பேர் துருவ இரவு முழுவதையும் கழிக்க வேண்டும். பெட்டிகளை அடுக்கித் தடுப்பு எழுப்பினார்கள், அலமாரி செய்தார்கள். பெட்டி மூடிகளால் ஆன சாப்பாட்டு மேசையைச் சாப்பிட்டு முடித்ததும் கயிற்றில் கட்டிக் கூரையோடு தூக்கி, தரையில் நடக்க இடம் செய்துகொண்டார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையைத் தட்டாகவும் தடுப்பாகவும் மாற்றிக்கொண்ட மலையகக் குடும்பங்களுக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பெட்டிகளில் சில புத்தகமாகவும் ஆயின. 1908இன் குளிர்காலத்தில் அந்தக் குடிசைக்குள்ளேயே ‘ஓரோரா ஓஸ்ட்ராலிஸ்’ என்ற நூலைச் சுமார் 100 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்தாட்டிக்காவில் எழுதி, படம் வரைந்து, அச்சிட்டு, கட்டிய முதல் நூல் அது. குழுவைச் சேர்ந்த ஜொய்ஸும் வைல்டும் லண்டனில் சில வாரம் கற்ற தொழிலை வைத்துக்கொண்டு அச்சுக் கோத்தார்கள். மை உறைந்து இறுகாமல் இருக்க, மைத்தட்டின் கீழே மெழுகுவர்த்தி எரிந்தது. அட்டைக்குத் தாள் இல்லை. குழுவின் இன்னோர் உறுப்பினர் பெர்னார்ட் டே வெனெஸ்டா பெட்டிகளை அறுத்து, இழைத்து, மெருகேற்றி அட்டை செய்தார். எஞ்சியுள்ள பிரதிகளை இன்று திறந்தால், அட்டையின் உட்பக்கத்தில் பெட்டிக்கு அடித்த அச்செழுத்து அப்படியே தெரியும். ஒன்றில் ‘வெண்ணெய்’, ஒன்றில் ‘ஐரிஷ் ஸ்டூ’, இன்னொன்றில் ஏதோ ஒரு சூப். தோட்டப் பெயரும் தேயிலைத் தரமும் இன்வொய்ஸ் எண்ணும் நம் பெட்டிகளில் பதித்ததுபோலவே, தகட்டு அச்சை வைத்து மை தடவிப் பதித்த எழுத்துகள். சேகரிப்பாளர்கள் பிரதிகளை இனம் காண்பதே ‘வெண்ணெய்ப் பிரதி’ என்பது போன்ற பெயர்களால்தான்.

துருவத்தில் பெட்டிக்கு எடை எவ்வளவு முக்கியமோ, மூடிக்கு இறுக்கம் அவ்வளவு முக்கியம். 1911-12இல் தென்துருவத்துக்குப் போன ஸ்கொட்டின் குழு வழிநெடுகச் சேமிப்பு மேடுகளில் மண்ணெண்ணெய்த் தகரங்களை வைத்துவிட்டுப் போனது. அந்தத் தகரங்களின் மூடிக்குத் தோல் வளையம் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தகரங்களில் எண்ணெய் குறைந்திருந்தது. கடுங்குளிரில் மூடி இறுக்கம் விட, மண்ணெண்ணெய் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது. அதே பருவத்தில் தென்துருவம் போன அமுண்ட்சன் தம் தகரங்களைப் பற்றவைத்து மூடியிருந்தார். அவர் ‘மவுண்ட் பெட்டி’ (Mount Betty) என்ற குன்றில் கல் மேட்டுக்குள் விட்டுப்போன எண்ணெய்த் தகரத்தை 1929இல் லாரன்ஸ் கூல்டின் குழு கண்டெடுத்தது. பதினேழு ஆண்டுக்குப் பிறகும் எண்ணெய் உள்ளேதான் இருந்தது. ஈயத்தாளைப் பற்றவைத்துத் தேயிலையைக் காத்த நம் தொழிற்சாலைகளின் பாடமும் இதுதான்: திருகிய மூடியை நம்பாதே, பற்றவைத்த விளிம்பை நம்பு.

மண்ணெண்ணெய் போனால் ஏன் அத்தனை ஆபத்து? அங்கே தாகம் தீர வேண்டுமானாலும் முதலில் நெருப்பு வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரின் கணக்கைப் பாருங்கள். நுவரெலியாவில் 16 பாகைத் தண்ணீர் ஒரு கிலோவைக் கொதிக்கவைக்க சுமார் 330 கிலோஜூல் வெப்பம் போதும். உயரத்தால் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். துருவ மேட்டுநிலத்தில் கையில் கிடைப்பது மைனஸ் 30 பாகைப் பனி. அதை உருகும் நிலைக்குக் கொண்டுவர 60 கிலோஜூலுக்கு மேல். சூடு சிறிதும் ஏறாமல் உருகுவதற்கு மட்டும் 334. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். பனி தண்ணீராகும்போது ஒளித்துவைத்துக்கொள்ளும் வெப்பம். பிறகு கொதிநிலைக்கு இன்னும் 370 சொச்சம். மொத்தம் 770ஐத் தொடும். அதே தேநீர், இரண்டு மடங்குக்கும் கூடுதலான எண்ணெய்.

அதனால்தான் ஷாக்கிள்டன், துருவ ஆய்வாளர் நன்சன் வடிவமைத்த அலுமினிய அடுப்புப் பாத்திரத்தை வாங்கினார். நடுப்பானையில் சமையல். அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம். அதில் பனி உருகும். எல்லாவற்றையும் மூடி ஒரு உறை. நடுப்பானையைத் தொட்டுவிட்டு மேலேறும் சூடு தப்பிப் போவதற்குள் வளையப் பாத்திரத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியேறும். பிரைமஸ் அடுப்பு தரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பயனாகிவிடும்.

அந்தப் பாத்திரத்தில் கொதித்தவற்றில் தேநீரும் ஒன்று. 1908 அக்டோபர் 29இல் ஷாக்கிள்டன், அடம்ஸ், மார்ஷல், வைல்ட் நால்வரும் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 34 அவுன்ஸ் உணவு, 91 நாளுக்கு. பிஸ்கட்டையும் கொக்கோவையும் அவுன்ஸில் பத்தில் ஒரு பங்குவரை நிறுத்தவர்கள், தேயிலையை அந்தக் கணக்குக்கு வெளியே வைத்தார்கள். நால்வருக்குமாக நாளுக்கு சுமார் இரண்டு அவுன்ஸ். 91 நாளுக்கு ஐந்து கிலோ சொச்சம். ஐந்து கிலோ தேயிலைக்கு 23 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இன்று ஒரு தோட்டத் தொழிலாளி முழுப் பேருக்கு எடுக்க வேண்டிய 18, 20 கிலோவைவிடச் சற்றே அதிகம். ஒரு பெண் ஒரு நாளில் மலைச்சரிவில் பறிப்பதைக் கொண்டு நான்கு பேர் மூன்று மாதம் பனியில் சூடாகக் குடிக்கலாம்! 1909 ஜனவரி 9இல் துருவத்துக்கு 97 கடல் மைல் தொலைவில் அவர்கள் திரும்பினார்கள். நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

இலேசான பெட்டிக்கு ஒரு பாரமான கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பலகை வரவு தடைப்பட்டபோது, 1941இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு கொஸ்கமவில் பெரியதொரு தொழிற்சாலை எழுந்தது. அதற்கு மரம் கொடுக்க 1972 முதல் சிங்கராஜ மழைக்காட்டில் இயந்திரங்கள் இறங்கின. மக்கள் எதிர்ப்பு வலுத்து, 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமை ஆயிற்று. ஒரு முறை போய்த் திரும்பி வராத பெட்டிக்காக, ஒரு முறை போனால் திரும்பாத காடு தப்பியது மயிரிழையில்.

இன்று தேயிலை பல அடுக்குக் காகிதப் பைகளில் போகிறது. ஒன்றின்மேல் ஒன்றாகத் தடித்த காகிதங்கள், உள்ளே ஈரம் புகாத மென்படலம். பொருள் மாறியதே தவிர, மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்தால் தடித்த ஒன்றை வெல்லும் என்ற தத்துவம் மாறவில்லை. துருவத்திலும் பழைய வித்தை தொடர்கிறது. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியா திறந்த ‘பாரதி’ ஆய்வு நிலையத்தின் எலும்புக்கூடு 134 கப்பல் கொள்கலன்கள். சரக்குப் பெட்டியே வீடாவது ரொய்ட்ஸ் முனையில் கண்ட அதே சிக்கனம்.

பயணத்துக்குப் பொருள் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவானது. துருவத்துக்கென்றே வாங்கிய மோட்டார் கார் மென்பனியில் சக்கரம் புதைந்து திணறியது. பத்து இலட்சம் முறை மலையிறங்கிக் கடல் கடந்து தேறிய பெட்டியோ ஒருமுறையும் ஏமாற்றவில்லை. அன்றாட உழைப்பில் தேறிய பொருளே கடும் பயணத்திலும் தேறும்.

ரொய்ட்ஸ் முனைக் குடிசை இன்றும் நிற்கிறது. நியூசிலாந்தின் அந்தாட்டிக்க மரபு அறக்கட்டளை அதை உள்ளிருக்கும் பெட்டிகளோடு பழுதுபார்த்துப் பேணுகிறது. நம் தோட்டங்களிலோ பழைய தேயிலைப் பெட்டிகள் விறகாகித் தீர்ந்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலோ தொழிற்சாலை மூலையிலோ ஒன்று கிடந்தால் எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்குகள் தெரியும். தோட்டப் பெயர் அழியாமல் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டி, இது தென்துருவப் பயணம் போன பெட்டியின் உறவு என்று சொல்லுங்கள்.